ரன்வே போடறதுக்கு முன்னாடி குழி வெட்டிப் பாருங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் ஓமலூர் பக்கம் இருக்கேனுங்க. முப்பது வருஷத்துக்கு மேல டிராஃப்ட்ஸ்மேன் வேலை, டிராயிங்கும் எஸ்டிமேட்டும் போட்டே காலம் போச்சு, இப்ப ரிட்டயர்டு. நம்ம காமலாபுரத்துல இருக்கற சேலம் ஏர்போர்ட்டப் பத்தி உங்க பேப்பர்ல எப்ப செய்தி வந்தாலும் விடாம படிச்சிருவேன். எத்தனை ஏக்கர் எடுக்கறாங்க, எத்தனை கோடி, எந்த ஊருக்கு ஃப்ளைட்டு, இதெல்லாம் வருது. ஆனா அந்த வேலைக்கு முன்னாடி நடக்கற சர்வே, மண் டெஸ்ட், டிசைன், டெண்டர் டாக்குமெண்ட், அப்புறம் வேலை நடக்கும்போது மேற்பார்வை, இதுக்கெல்லாம் எவ்வளவு செலவு பண்றாங்க, எப்படி பேசி முடிக்கறாங்கன்னு யாரும் கேக்கறதே இல்ல. அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு.

நம்ம ஏர்போர்ட் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1993-ல தொறந்தாங்க, கொஞ்ச நாள்ல ஃப்ளைட் நின்னு போச்சு. 2009-ல மறுபடி வந்துச்சு, 2011-ல நின்னுச்சு. 2018 மார்ச்ல, சின்ன ஊர்களுக்கு ஃப்ளைட் விடற மத்திய அரசோட உடான் திட்டத்துல சென்னைக்கு விட்டாங்க, அதுவும் 2021-ல நின்னு, 2023 அக்டோபர்ல திரும்ப ஆரம்பிச்சுது. ரன்வே சுமாரா 1,800 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் விமானம் வந்து போகும். இப்படி வந்து வந்து நிக்கிற ஏர்போர்ட்டுக்கு ஒரே தடவையில பெரிய தொகை ஒதுக்க மாட்டாங்க. இந்த வருஷம் காம்பவுண்டு சுவர், அடுத்து மழைத்தண்ணி வடிகால், அப்புறம் விமானம் நிக்கற ஏப்ரன், ரன்வேக்கு மேல ஒரு லேயர்னு துண்டு துண்டாத்தான் வேலை வரும்.

இங்கதான் விஷயமே இருக்கு. பெரிய ஏர்போர்ட்ல ஆயிரம் கோடிக்கு வேலை நடந்தா இன்ஜினியரிங் செலவு அதுல கரைஞ்சு போயிரும். சின்ன வேலைக்கு அப்படி இல்ல. சர்வே டீம் வந்து டோட்டல் ஸ்டேஷன் மெஷின் வச்சு அளக்கறது, மண் எடுத்து லேபுக்கு அனுப்பறது, ரூல்ஸ் பாத்து டிராயிங் போடறது, டெண்டர் புக்கு தயார் பண்றது, இதெல்லாம் வேலை பாதியா கொறைஞ்சா பாதியா கொறையாது. அதனால சின்ன வேலையில இன்ஜினியரிங் பங்கு எப்பவும் கூடுதலாத் தெரியும், ஃபைலைப் பாக்கற அதிகாரிக்கு கண்ண உறுத்தும், மொதல்ல அதுலதான் கை வைப்பாங்க. அப்படி கை வைக்கிற எடமும் பெரும்பாலும் சர்வேயும் மண் டெஸ்ட்டுமா இருக்கும், ஏன்னா அது ரெண்டும் கட்டி முடிச்சதுக்கு அப்புறம் கண்ணுக்குத் தெரியாத செலவு.

நான் பாத்த ஒண்ணு சொல்றேன். ஏற்காடு மலை ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, அதுல ஒரு வளைவுக்குப் பக்கத்துல எஸ்டேட்டுக்குப் போற தனிப் பாதைக்கு ஒரு தடுப்புச்சுவர் கட்டணும். நான் அப்ப கான்ட்ராக்டர் ஆபீஸ்ல இருந்தேன். மூணு எடத்துல குழி வெட்டி மண்ணு பாக்கணும்னு கொட்டேஷன்ல எழுதியிருந்தோம், எடத்துக்காரர் "எதுக்குங்க மூணு, ஒண்ணு போதும்"னு அடிச்சுட்டாரு. வண்டி நிக்க சவுகரியமா இருந்த எடத்துல ஒரே ஒரு குழி வெட்டுனாங்க, நல்ல கெட்டி செம்மண்ணு. நானும் முழு நீளத்துக்கும் ஒன்றரை மீட்டர் ஆழம், சாதா மண்ணுன்னு போட்டு எஸ்டிமேட்ட முடிச்சேன். வேலை ஆரம்பிச்ச மொத நாளு ஜேசிபி பக்கெட்டு மூணடியில டங்குன்னு பாறையில இடிச்சுது, அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. சரி பாறைன்னா கெட்டி அஸ்திவாரம்தானேன்னு இருந்தா, இன்னொரு முனையில எப்பவோ ரோடு போட்டப்ப தள்ளி விட்ட மண்ணு, தோண்டத் தோண்ட அடி கெடைக்கல. ஒரு பக்கம் பிரேக்கர் வாடகை, ஒரு பக்கம் அஸ்திவார ஆழம், டிசைன மாத்தி நாலு ராத்திரி உக்காந்து டிராயிங்க திருப்பிப் போட்டேன். குழி வெட்டாம மிச்சம் புடிச்ச காசு பிரேக்கர் வாடகைக்கு மூணு நாளைக்குக்கூட வரல.

நம்ம சேலம் மண்ணு அப்படிங்க. ஒரு பக்கம் மேக்னசைட் கரடு, ஒரு பக்கம் கஞ்சமலை, எங்க பாத்தாலும் பாறை மேல மண்ணு போத்துன மாதிரிதான் பூமி. எங்க ஊர்ல ஒரே காட்டுல கெழக்க கெணறு வெட்டுனா பத்தடியில பாறை, மேற்க வெட்டுனா முப்பதடிக்கு மண்ணு. எஸ்டிமேட்டுல மண்ணுக்கு ஒரு ரேட்டு, மென் பாறைக்கு ஒரு ரேட்டு, வெடி வச்சு ஒடைக்கிற கடினப் பாறைக்கு வேற ரேட்டு. எது எவ்வளவுன்னு தெரியாம டெண்டர் விட்டா அப்புறம் முடிஞ்ச வேலைய அளந்து எம்-புக்குல எழுதும்போதுதான் சண்டையே வரும்.

கெணறுன்னதும் இதையும் சொல்லிடறேன். 2018-ல விரிவாக்கத்துக்கு சிக்கனம்பட்டி, தும்பிபாடி, பொட்டியபுரம், காமலாபுரம் நாலு ஊர்லயும் சேத்து 570 ஏக்கர் கிட்ட எடுக்கப் போறோம்னு சொன்னப்ப ஜனங்க எவ்வளவு போராடுனாங்கன்னு உங்க பேப்பர்லயே வந்துச்சு. அது அவங்க வயித்துப்பாடு, எடத்த இழக்கறவங்களுக்கு நியாயமான பணமும் மாத்து வழியும் மொதல்ல வேணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து கெடையாது. ஆனா எஸ்டிமேட் போடறவனா எனக்கு இன்னொன்னும் தோணுச்சு. இது அத்தனையும் வெவசாய பூமி, தோட்டத்துக்குத் தோட்டம் கெணறு இருக்கும். சிலது தூந்து போய் மேல சீமைக்கருவேல மொளைச்சு இருக்கறதே தெரியாது. அதுமேல ரன்வேயோ, விமானம் ரன்வேக்குப் போற டாக்ஸிவேயோ வந்தா, சும்மா லாரியில மண்ணக் கொட்டி மூடிட்டுப் போக முடியாது. தண்ணிய எறைச்சு, சேறு வாரி, லேயர் லேயரா போட்டு இடிச்சு கெட்டிப்படுத்தணும், இல்லன்னா அஞ்சு வருஷத்துல அந்த எடம் உள்வாங்கும், ஓடற விமானத்துக்கு அடியில பள்ளம் விழும். ஊர்ப் பெரியவர் ஒருத்தர கூட்டிட்டு நடந்தா எந்தக் கெணறு எங்க இருந்துச்சு, எத்தனையடியில பாறை வந்துச்சுன்னு ஒரு நாள்ல சொல்லிருவாரு. டெண்டருக்கு முன்னாடி அந்தக் கணக்க எடுத்துட்டா அது ஒரு சாதா ஐட்டம். வேலை நடுவுல கண்டுபிடிச்சா எக்ஸ்ட்ரா ஐட்டம், ரேட்டு கான்ட்ராக்டர் சொல்றதுதான்.

இருக்கிற ரன்வேக்கே ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க. 1,800 மீட்டர், 30 மீட்டர், பெருக்குனா 54,000 சதுர மீட்டர். மேல தார் கலவை ஒரு லேயர் போடறாங்கன்னு வைங்க. தரையோட மட்டத்த, அதாவது லெவல, சரியா எடுக்காம சராசரியா ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடப் போச்சுன்னா 540 கன மீட்டர், எடையில 1,250 டன்னுக்கு மேல வரும். டிப்பருக்கு 18 டன்னுன்னு வச்சா 70 லோடு. ஒரு சுண்டு வெரல் அகலம் தப்புக்கு 70 லோடு தார் கலவைங்க. இதுல இன்னொன்னு, இந்த மாதிரி ரன்வேல நடுவுல இருந்து ஓரத்துக்கு சரிவு ஒன்றரை சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு உலக விமானப் போக்குவரத்து அமைப்பு ஐகாவோவோட ரூல் இருக்கு. 15 மீட்டருக்கு அது 22.5 சென்டிமீட்டர்தான். அதுக்குள்ள தண்ணியும் நிக்காம வடியணும், சரிவும் மீறக் கூடாது, லெவல் எடுக்கறவன் அசந்தா ரெண்டுல ஒண்ணு கெட்டுப் போகும். மண்ணோட பலம் பாக்கற சிபிஆர் டெஸ்ட்டுக்கு மாதிரிய 4 நாள் தண்ணியில ஊற வச்சுத்தான் அழுத்திப் பாக்கணும், "அவசரம், நாளைக்கே ரிப்போர்ட்டு வேணும்"னு நெருக்குனா வர்ற ரிப்போர்ட்டு என்ன ரிப்போர்ட்டுன்னு எனக்குத் தெரியும்.

இதுக்காக இன்ஜினியர் கேக்கறத அப்படியே குடுத்துருங்கன்னு நான் சொல்ல வரல. இன்னைக்கும் பல எடத்துல டிசைன் போட்டுக் குடுக்கற கன்சல்டன்ட் ஃபீஸ் கட்டுமானச் செலவுல இத்தனை பர்சென்ட்டுன்னு பேசறாங்க, அது எனக்கு சுத்தமா புடிக்காத வழக்கம். வேலைச் செலவு ஏற ஏற அவருக்கு காசு ஏறும்னா, செலவைக் கொறைக்க வழி கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு நாமளே அபராதம் போடற மாதிரி ஆயிருது. மச்சான் பையன் அமெரிக்காவுல ஒரு சின்ன ஊர்ல சிவில் இன்ஜினியரா இருக்கான். அங்க சின்ன ஊர் ஏர்போர்ட்டு வேலைக்கு மத்திய அரசு மானியம் வரும், ஆனா செலவு மேல பர்சென்ட் போட்டு இன்ஜினியருக்குக் குடுக்கற ஒப்பந்தம் அங்க தடைன்னு சொன்னான். மொதல்ல யாருக்கு அனுபவம், தகுதி இருக்குன்னு பாத்து ஆளத் தேர்ந்தெடுக்கணும், அதுக்கு 1972-லயே சட்டம். அப்புறம் என்ன வேலைன்னு வரி வரியா எழுதி வச்சு, ஃபீஸ் ஒரு அளவைத் தாண்டற மாதிரி இருந்தா, சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர வச்சு இந்த வேலைக்கு எத்தனை ஆளு, எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆகும்னு தனியா கணக்கு போட்டு, அதைப் பக்கத்துல வச்சுட்டுத்தான் பேரமே பேசணுமாம். பேசுனதையும் எழுதி ஃபைல்ல வைக்கணுமாம்.

நம்ம ஊர்ல மட்டும் ஏன் முடியாது? மத்திய அரசோட செலவு விதி ஜி.எஃப்.ஆர் 2017-லயே கன்சல்டன்ட்ட எடுக்கும்போது தரமும் விலையும் சேத்துப் பாக்கற முறை இருக்கு. இருந்தும் எல்-1 யாரு, கொறைச்சலா யாரு கேட்டாங்கன்னு போனா, கேட்டவரு எங்க கொறைப்பாரு? அந்த மூணு குழிய ஒரு குழியா ஆக்கித்தான் கொறைப்பாரு. மண் டெஸ்ட்டையும் சர்வேயையும் தனி ஐட்டமா, எத்தனை குழி, எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை மீட்டருக்கு ஒரு லெவல்னு அளவோட எழுதி, அதுல விலைப் போட்டியே வேண்டாம்னு வச்சுட்டு, டிசைனுக்கு மட்டும் ஒரே தொகையா பேசி, வேலை முடிய முடிய கட்டம் கட்டமா பணம் குடுத்தா போதும்.

மேற்பார்வை செலவு தனிக் கதை. அது மாசத்துக்கு இவ்வளவுன்னு போகும். கான்ட்ராக்டர் ஆறு மாசத்துல முடிக்க வேண்டியத பன்னெண்டு மாசம் இழுத்தா சைட் இன்ஜினியருக்கு ஆறு மாசச் சம்பளம் கூட ஆகும், அது யாரு தலையில? நம்ம தலையிலதான். தாமதம் கான்ட்ராக்டரால ஆச்சுன்னா அந்த மாசங்களோட மேற்பார்வை செலவ அவரு பில்லுல புடிக்கிற மாதிரி மொதல்லயே ஒப்பந்தத்துல எழுதணும். ஏர்போர்ட்டுல வேலை பாக்கறது சும்மா ரோடு போடறது மாதிரி இல்ல, ஃப்ளைட்டு வர்ற நேரம் ஆளும் மெஷினும் வெளிய வந்துரணும், ஒரு சின்ன ஜல்லி ரன்வேல கெடந்தாலும் ஆபத்து. அந்த நேரக் கணக்க டெண்டர்லயே சொல்லலன்னா அதுவும் பின்னாடி கூடுதல் பணம் கேட்டு கிளெய்மா வந்து நிக்கும்.

கடைசியா என் தொழில் சம்பந்தமா ஒண்ணு, இதுலதான் எனக்கு வயித்தெரிச்சல் அதிகம். ஒரு வேலை முடிஞ்சதும் கன்சல்டன்ட் பிடிஎஃப் பிரிண்ட் ஒரு கட்டு குடுத்துட்டுப் போயிருவாரு, டிராயிங்க திருத்தறதுக்கு வேணுங்கற ஆட்டோகேட் ஃபைலு அவரு கம்ப்யூட்டர்லயே இருக்கும். மூணு வருஷம் கழிச்சு அடுத்த வேலைக்கு வேற ஆளு வருவாரு, திருப்பி மொதல்ல இருந்து சர்வே, திருப்பி காசு. நான் வேலை பாத்த ஒரு வடிகால் சைட்டுல மொத சர்வேக்காரங்க மட்டம் அளக்க ஆரம்பப் புள்ளியா செவப்பு பெயிண்ட்ல குறிச்சு வச்ச பெஞ்ச் மார்க் கல்லு ஒரு கல்வெர்ட்டு மேல இருந்துச்சு, யாரோ அந்தக் கல்வெர்ட்ட இடிச்சுக் கட்டும்போது கல்லு போயிருச்சு. அடுத்து வந்தவங்க வேற கல்லுல ஆரம்பிச்சாங்க. ரெண்டு லெவலுக்கும் ஒரு சாண் வித்தியாசம், பாதி தூரம் கட்டுனதுக்கு அப்புறம் மழை பேஞ்சப்பதான் தண்ணி திரும்பி வருதுன்னு தெரிஞ்சுது. பெயிண்ட் குறி போதாதுங்க. ஏர்போர்ட்டு எல்லைக்குள்ளயே நாலு கான்கிரீட் தூண் நட்டு, அதோட மட்டத்த ஒரு ரெஜிஸ்டர்ல எழுதி, ஒவ்வொரு வேலை முடிஞ்சப்பறமும் உண்மையில கட்டுன மாதிரி டிராயிங்கும் அதோட ஒரிஜினல் ஃபைலும் ஒப்படைச்சாத்தான் கடைசி பில்லுன்னு வச்சுட்டா, அடுத்த இருபது வருஷத்துக்கு எத்தனை துண்டு வேலை வந்தாலும் சர்வே செலவு பாதிக்குப் பாதி மிச்சம்.

இது ஏர்போர்ட் அத்தாரிட்டி பணம், நமக்கென்னன்னு சில பேர் சொல்றாங்க. அவங்க பணமும் நம்ம பணந்தான். உடான்ல ஏர்லைன்ஸுக்குக் குடுக்கற மானியத்துல 20 சதவீதம் மாநில அரசு பங்கு, எடம் எடுத்துக் குடுக்கறதும் மாநில அரசுதான், எடத்தக் குடுக்கறது எங்க ஊரு ஜனம்.

அதனால உங்க நிருபர் கிட்ட ஒரே ஒரு உதவி கேக்கறேங்க. அடுத்த தடவை காமலாபுரத்துல எந்த வேலைக்கு டெண்டர் வந்தாலும், எத்தனை கோடின்னு கேக்கும்போதே எத்தனை குழி வெட்டிப் பாத்தீங்க, கெணறு எத்தனைன்னு எண்ணுனீங்களா, போன வேலையோட டிராயிங் ஃபைலு யாரு கிட்ட இருக்குன்னு இந்த மூணையும் சேத்துக் கேட்டு, என்ன பதில் சொன்னாங்களோ அதை அப்படியே பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன்,
ஓமலூர், சேலம் மாவட்டம்.