செபாலிக் சாமியாருக்கு

மாப்ளே,

ஆறு மாதமாகப் பேச்சுமூச்சு இல்லை என்று திட்டாதே. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன், மகளின் பிளஸ் டூ, இரண்டும் நல்லபடியாக முடிந்தன. இப்போது எழுதும் விஷயத்தைப் போனில் சொன்னால் சிரித்தே கொன்றுவிடுவாய்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தச்சருக்கு ஐ.சி.டி. வைத்தேன்; ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் அதே மெஷின்தான். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு அடுத்தடுத்து நாலு ஷாக். இதயத் துடிப்பில் கோளாறே இல்லை; மெஷினிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியான லீட் அறுந்து வரும் மின் இரைச்சலை மெஷின் ஆபத்தான துடிப்பு என்று நம்பியிருக்கிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால், காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே, சரியாக நான் ஊசி குத்திய வழியில், லீட் நசுங்கிக் கிடக்கிறது. கையைத் தூக்கித் தூக்கி இழைப்புளி தள்ளுகிற ஆள். போதாததற்கு ஐ.சி.டி. லீட் தடிமனானது. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கடி.

காறை எலும்புக்கு அடியில் ஓடும் சிரையில் ஊசி குத்தி லீட்டை நுழைத்துவிட்டு, “பத்து நிமிஷத்தில் சப்கிளேவியன்” என்று பீற்றிக்கொண்டவன் நான். நீ தோள்பட்டைப் பள்ளத்தைத் திறந்து செபாலிக் சிரையைத் தேடித் தவம் கிடப்பாய். நாங்கள் வெளியே டீ குடிப்போம். உன் வழியில் நுரையீரலில் ஓட்டை விழும் பயமும் இல்லை, இந்த நசுங்கலும் இல்லை. ஆனால் ரொம்பத் துள்ளாதே. நூல் மாதிரி இருந்த குழாயில் மூன்று லீட் போட முடியாமல் கடைசியில் என் ஊசியைத்தான் கடன் கேட்டாய்!

இப்போது நான் அல்ட்ராசவுண்ட் பார்த்து, அக்குள் பக்கச் சிரையான ஆக்ஸிலரிக்கு மாறிவிட்டேன். அது விலாக்கூட்டுக்கு வெளியே ஓடுவதால் லீட் எலும்பிடுக்கில் மாட்டாது. ப்ரோபை அழுத்தினால் சிரை சப்பையாகிவிடும், தமனி துடித்துக்கொண்டே நிற்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, எக்ஸ்ரேயில் சிரை தெரிவதற்கான சாயம் ஏற்ற வேண்டாம். ஒன்றுதான், ஊசி முனை கண்ணை விட்டு மறையக் கூடாது. மறைந்தால் நுரையீரல் இங்கேயும் தூரமில்லை. முதல் சில கேஸ்களில் வியர்த்து வழிந்தேன். “செபாலிக் சாரைக் கூப்பிடட்டுமா?” என்றார் நம் பழைய சிஸ்டர்.

சரி, தச்சர் விஷயம். ஷாக்கை அணைத்து வைத்து, வார்டில் மானிட்டரில் வைத்திருக்கிறேன். சாயம் ஏற்றி எடுத்த சிரைப் படமான வீனோகிராமில் அந்தப் பக்கக் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது. பழைய லீட்டை உருவினால் வழி கிடைக்கும். ஆனால் லீட் ஒன்பது வருடமாகக் குழாய்ச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, குழாய் கிழிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். விட்டுவிட்டு வலப்பக்கம் போகலாமா? அவரோ, “உங்க கைராசிதான் சார், நீங்களே போடுங்க” என்கிறார். இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை.

படங்களை அனுப்பியிருக்கிறேன். வியாழனுக்குள் பார்த்துச் சொல். முடிந்தால் நேரிலேயே வா; டீ என் செலவு.

உன்,
பத்து நிமிஷம்