மூளை ஆய்வுப் பேச்சுகள் தமிழிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை ஐஐடியில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவில் வளரும் சிசுவின் மூளைப் படத்தொகுப்பை 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. மொத்தம் 5,132 மூளைச் சீவல்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இணையத்தில் பார்க்கலாம். செய்தியாகப் படித்துவிட்டுப் பலர் கடந்துபோயிருப்பார்கள், என்னால் முடியவில்லை, ஏனென்றால் 30 வருடம் பெத்தாலஜி லேபில் செக்‌ஷன், அதாவது திசுவை மெல்லிய சீவல்களாக, வெட்டியதுதான் என் பிழைப்பு.

திசுவை மெழுகில் பதித்து பிளாக் செய்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் சீவினால், ஒரு நல்ல செக்‌ஷன் கிடைப்பதற்குள் பல வீணாகும். பிளேடில் சின்னப் பிசிறு இருந்தால் கோடு விழும், வெந்நீரில் மிதக்கவிடும்போது மடிந்துவிடும். மூளைத் திசு என்றால் இன்னும் கஷ்டம், அவ்வளவு மென்மையானது. கருவின் மூளையை உறையவைத்து, வரிசை பிசகாமல் ஐயாயிரத்துச் சொச்சம் சீவல் எடுத்து, சாயமேற்றி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள் என்றால் அதன் பின்னால் எத்தனை கைகள் உழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வெட்டியவற்றை ரிப்போர்ட் எழுதும் டாக்டர் ஒருமுறை பார்ப்பார், அதோடு சரி, பெட்டியிலேயே கிடந்து சாயம் மங்கிப்போகும். அப்படிப்பட்ட ஸ்லைடை ஒரு கிராமத்துக் கல்லூரி மாணவி தன் போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

ஆனால் படம் மட்டும் திறந்திருந்தால் போதாது. சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் மூளை ஆரோக்கியம் பற்றிய ஆய்வுப் பேச்சுக்குப் போயிருந்தேன். அனுமதி இலவசம், பொதுமக்களும் வரலாம் என்றுதான் போட்டிருந்தார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம். என் பக்கத்தில் இருந்த அம்மா, கணவருக்கு மறதி நோய் வந்து நான்கு வருடமாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர், "இப்ப என்ன சொன்னாங்க?" என்று மூன்று முறை கேட்டார். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். கேள்வி நேரத்தில் அவர் கை தூக்கவே இல்லை. எதற்காக அவரை அழைத்தார்கள்?

அமெரிக்காவில் வலிப்புக்காக 1953இல் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் வாழ்ந்த ஹென்றி மோலைசன் 2008இல் இறந்தார். அடுத்த வருடம் சான் டியாகோவில் அவர் மூளையை 2,401 சீவல்களாக வெட்டியபோது அதை இணையத்தில் நேரலையாகவே காட்டினார்கள், சாதாரண ஜனங்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். வெட்டும்போதே கூப்பிட்டுக் காட்ட முடிகிறது என்றால், நம் ஊரில் ஒரு மணி நேரம் தமிழில் பேச முடியாதா?

இதை ஆசைக்காகச் சொல்லவில்லை. இந்த ஆராய்ச்சிக்கு மூளை வேண்டும், அதைக் குடும்பங்கள்தான் தர வேண்டும். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பயன்படும். பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில், தானமாக வந்த மூளைகளை ஆய்வுக்காகப் பாதுகாக்கும் மூளை வங்கி 1995இலிருந்தே இருக்கிறது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கண் தானம் என்றால் யோசிக்காமல் சம்மதிக்கிற வீட்டில்கூட, துக்கத்தில் அழுதுகொண்டிருக்கும்போது முதல்முறையாக மூளையைக் கேட்டால் யார் தலையாட்டுவார்கள்? எதற்கு எடுக்கிறார்கள், எப்படி வைத்திருப்பார்கள், முகம் சிதையுமா, பெயர் வெளியே வருமா என்றெல்லாம் முன்கூட்டியே, அவர்கள் மொழியில், கேள்வி கேட்க விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

எனவே மூளை ஆய்வு மையங்களுக்கு ஒரு கோரிக்கை. மாதம் ஒரு பேச்சாவது தமிழில் வையுங்கள். சினாப்ஸ், நியூரான் என்ற வார்த்தைகள் அப்படியே இருக்கட்டும், விளக்கம் மட்டும் தமிழில் இருந்தால் போதும். பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் போடுங்கள், நோயாளியை விட்டுவிட்டு வெளியே வர முடியாதவர்கள்தான் அதிகம். அப்புறம் வெட்டுகிற, சாயமேற்றுகிற டெக்னீஷியனையும் ஒரு நாள் மேடையேற்றுங்கள். தானம் தந்த திசுவை எப்படிப் பத்திரமாகக் கையாளுகிறார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கோயில் உற்சவத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் பக்கத்தில், இப்படிப்பட்ட பேச்சுகளின் தேதியையும் இடத்தையும் இரண்டு வரி போடுங்கள். அந்த அம்மா தினமும் உங்கள் பத்திரிகை வாங்குகிறவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருவண்ணாமலை