எரிபொருள் குளத்து ராக்குகளுக்கு மூடி எப்போது?

அணுமின் நிலையப் பாதுகாப்புக் குழுவினருக்கு வணக்கம்.

பயன்படுத்திய எரிபொருள் வைக்கும் குளத்தில் நீளக் கைப்பிடிக் கருவி விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். "பாதிப்பு எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் அறிக்கையை முடித்தும் விட்டீர்கள். எரிபொருள் கட்டுகளை நிறுத்தி வைக்கும் ராக்குகளில் காலியான ஒன்றில் போய் விழுந்ததால் பாதிப்பில்லை, சரி. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால்?

அந்த ஷிப்ட் எப்படிப் போனது என்பது அறிக்கையில் இல்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, ஆனால் ஒளி விலகலால் கீழே கிடப்பதெல்லாம் மேலே இருப்பது போலத் தெரியும், கண்ணை நம்பிக் கொக்கியை இறக்க முடியாது. கேமராவை இறக்கி, பக்கத்து ராக்கில் ஒவ்வொரு எரிபொருள் கட்டின் தலைப்பிடியையும் பார்த்தோம், ஏனென்றால் அது லேசாக வளைந்தாலே பிடிகருவி சரியாகக் கவ்வாமல் போகலாம், அப்புறம் அந்தக் கட்டை வெளியே எடுப்பதே தனி வேலை. ஒரு பிடியில் ஒரு கீறல். பழையதா, புதியதா? ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் கிடையாது. வியர்த்து ஊறிய பாதுகாப்பு உடையோடு திரையைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தோம்.

கேட்பது ஒன்றுதான்: குளத்துக்கு மேலே எதைத் தூக்கினாலும், அதற்கு முன் ராக்குகள் மேல் அடிதாங்கும் மூடி வையுங்கள்.

"கட்டுகளுக்கு மேல் ஏழு மீட்டர் தண்ணீர் நிற்கிறதே, அதுவே மெத்தை" என்றார்கள். அந்தத் தண்ணீர் கதிர்வீச்சை மறைக்கவும் சூட்டை வாங்கவும் இருக்கிறது. ஒல்லியான இரும்புத் தடி செங்குத்தாக இறங்கினால் தண்ணீர் எவ்வளவு தடுத்துவிடும்? கட்டுகளை வெளியே கொண்டுபோகும் நூறு டன் பெட்டகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது இறங்குகிற குழியின் அடியில் சில மில்லிமீட்டர் எஃகுத் தகடு, அதற்குக் கீழே கான்கிரீட், அவ்வளவுதான். தண்ணீர் அத்தனை நல்ல மெத்தை என்றால் கிரேனுக்கு எதற்கு இரட்டை பிரேக்? ஒன்றைக் கழற்றி மிச்சம் பிடிக்கலாமே.

2014 ஆகஸ்டில் புகுஷிமா மூன்றாம் உலையின் குளத்தில் இடிபாடுகளை எடுக்கும்போது சுமார் 400 கிலோ எடையுள்ள கட்டுப்பாட்டு மேசை நழுவி உள்ளே விழுந்தது. அதற்கப்புறம் ராக்குகள் மேல் காப்புப் பலகைகளைப் பரப்பிவிட்டுத்தான் 2015 ஆகஸ்டில் குளத்துக்குள் கிடந்த 20 டன் எரிபொருள் கையாளும் எந்திரத்தை வெளியே தூக்கினார்கள். விழுந்த பிறகு வந்த புத்தி அது. நமக்கு விழுந்தும் வரவில்லை.

மூடி போடுவது சுலபம் என்று சொல்லவில்லை. மூடியில் துளை போதாவிட்டால் சூடான நீர் மேலே ஏறாது, மூடியை இறக்கும்போது அதுவே கைநழுவக் கூடாது, அடி விழுந்தால் தான் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட ஆள் இருக்கிறார்கள். நேரம்தான் இல்லையாம். 'பாதுகாப்பே முதன்மை' பலகையைப் புது வண்ணத்தில் அடித்து மாட்ட மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிட்டது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பெட்டகத்தைத் தூக்கும் முன் மூடிக்கு ஒரு தேதி சொல்லுங்கள், எழுத்தில். அதுவரை கட்டுகளுக்கு மேலே சுமையோடு கிரேனை ஓட்டச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
குளத்து மேடையில் வேலை பார்க்கும் ஒருவன்