தோற்ற இரவிலேயே பயிற்சியாளரை அனுப்பச் சொல்லும் ரசிகர்களுக்கு

கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களுக்கு, குறிப்பாகக் கொலம்பஸ் நகரத்து ஓஹாயோ ஸ்டேட் ரசிகர்களுக்கு,

வணக்கம். 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றீர்கள். உங்கள் அணி தரவரிசையில் இரண்டாவது. எதிரே நின்றதோ அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஐந்து ஆட்டம் தோற்ற அணி. சொந்த மைதானம் வேறு. பந்தயச் சந்தை உங்களுக்கு ஏறத்தாழ 20 புள்ளி முன்னிலை கொடுத்திருந்தது. போதாக்குறைக்கு மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. கோபம் நியாயம்தான். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ரையன் டேயை அன்றிரவே வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பலர், ஆட்டம் எங்கே நழுவியது என்று பார்க்கவில்லை.

நழுவியது, பந்து உங்களிடம் இருக்கும்போது முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் வரிசையில். அந்த வரிசையில் இடப்பக்கம் நிற்கும் லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிமன்ஸ் அக்டோபரிலும் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லின் நவம்பரிலும் காயத்தால் போய்விட்டார்கள். அப்படி இருந்தும் மிச்சிகன் தடுப்பு வரிசையின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள் நின்ற இடத்துக்கே திரும்பத் திரும்பப் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள். 26 ஓட்டத்தில் 77 யார்டு. சராசரி மூன்றுகூட இல்லை. பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் (டவுன்) முதலாவதில் ஓட்டம் அடைபட்டால் மூன்றாவதில் ஏழெட்டு யார்டு மிச்சம் நிற்கும். எறியத்தான் போகிறார்கள் என்று எதிரணிக்கு அப்போதே தெரிந்துவிடும். பந்தை எறியும் உங்கள் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் எறிந்ததில் இரண்டு மிச்சிகன் கைக்குப் போயின. 40 யார்டுக்கு உட்பட்ட இரண்டு ஃபீல்ட் கோல்கள் (கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மூன்று புள்ளி) தவறின. அவை மட்டுமே ஆறு புள்ளி, தோற்றதோ மூன்றில். எறியும் பந்தைப் பிடிப்பவர்களைக் காவல் காக்கும் மிச்சிகனின் முதன்மைக் கார்னர்பேக் வில் ஜான்சன் அன்று ஆடவே இல்லை. பந்து பிடிக்கும் ஜெரமையா ஸ்மித்தை வெளிப்பக்கம் நிற்க வைத்துக்கொண்டு நடுவில் முட்டியதை எப்படி நியாயப்படுத்துவது? அந்தத் திட்டத்தைத் திட்டுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து டென்னசிக்கு எதிராக அதே பயிற்சியாளர், காயத்தால் ஒட்டுப்போட்ட அதே வரிசை. இம்முறை எறிந்து தொடங்கினார்கள். முதல் கால்பகுதியில் 21–0, முடிவில் 42–17. பிறகு ஒரேகான் 41–21, டெக்சாஸ் 28–14, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேம் 34–23. பட்டம்.

இதில் அமைப்பு மாறியதற்கும் பங்குண்டு. தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் நான்கு அணிகள் மட்டும் ஆடிய 2014–2023 பருவங்களில், இரண்டு தோல்வி கண்ட அணி ஒன்றுகூட உள்ளே போனதில்லை. ஒரேகானிடம் 32–31 என்று ஏற்கெனவே தோற்றிருந்த உங்கள் கதை அந்த முறையில் நவம்பரிலேயே முடிந்திருக்கும். 12 அணி முறை வந்த முதல் பருவமே உங்களைக் காப்பாற்றியது. மிச்சிகன் தோல்விக்கான விலை, உங்கள் மாநாடான (அணிகள் சேர்ந்த லீக்) பிக் டென்னின் இறுதி ஆட்டமும், அதனால் முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் விலக்குக்கான வாய்ப்பும். அந்த ஆண்டு விலக்கு மாநாட்டுச் சாம்பியன்களுக்கு மட்டும் என்பதால் எட்டாம் இடத்திலிருந்து கூடுதலாக ஓர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. (விலக்குப் பெற்ற நான்கு அணிகளும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன என்பது தனி வேடிக்கை.) 2025 முதல் விலக்கு, தேர்வுக் குழுவின் தரவரிசையில் முதல் நான்கு இடங்களுக்கு நேராகப் போகிறது. ஆகவே தோற்ற மறுநாள் கணக்கிட வேண்டியது மொத்தம் எத்தனை தோல்வி, யாரிடம், தரவரிசையில் இனி எந்த இடம் என்பதைத்தான்.

பயிற்சியாளரை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பில்லைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். பென் ஸ்டேட், நார்த்வெஸ்டர்னிடம் 22–21 என்று தோற்ற மறுநாள், 2025 அக்டோபர் 12 அன்று, ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. ஒப்பந்தத்தின் மிச்சத்துக்காக அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 49 மில்லியன் டாலர். அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததால்தான் அது 9 மில்லியனாகக் குறைந்தது. அதே மாதம் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை நீக்கிய லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யூ.) பொறுப்பு சுமார் 54 மில்லியன். 2025–26இல் ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் நேரடியாகக் கொடுக்கலாம் என்று விதிக்கப்பட்ட உச்சவரம்பே 20.5 மில்லியன்தான். பணத்தோடு முடியவில்லை: டிசம்பர் தொடக்கத்தில் பள்ளி வீரர்கள் ஒப்பந்தம் போடும் நாட்கள் வரும். தலைமைப் பயிற்சியாளர் இல்லாத அணியிடமிருந்து அவர்கள் நழுவுவார்கள். பென் ஸ்டேட்டில் அதுதான் நடந்தது.

கடைசியாக, டிக்கெட். டென்னசி ஆட்டத்தன்று உங்கள் மைதானத்தில் கணிசமான இருக்கைகள் டென்னசியின் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. கோபத்திலோ லாபத்துக்கோ சீசன் டிக்கெட்காரர்கள் மறுவிற்பனைத் தளங்களில் விற்றதால் வந்த நிறம் அது. எதிரணி கையில் பந்து இருக்கும்போது நீங்கள் போடும் கூச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் அவர் வரிசைக்கே கேட்காது. ஒருவர் அவசரப்பட்டு முன்கூட்டியே அசைந்தால் ஐந்து யார்டு அபராதம். அந்த ஐந்து யார்டை உங்கள் இருக்கையில் அமர்ந்த டென்னசி ரசிகர் உங்களுக்கு வாங்கித் தரமாட்டார்.