கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றத்துக்கான சமையல் கருவிகள் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, வாயு அடைத்த குப்பியின் தலையில் திருகிப் பொருத்தும் சிறிய கேஸ் அடுப்பைப் புகழ்ந்திருந்தது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. 100 கிராமுக்கும் குறைவான எடையில்கூடக் கிடைக்கும் அந்த அடுப்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பம்ப் அடிக்கும் வேலையும் கிடையாது. ஆனால், காற்று வீசினால் அடுப்பைச் சுற்றித் தகடு வைத்துக்கொள்ளலாம், மழையோ குளிரோ என்றால் கூடாரத்துக்குள் வைத்தே சமைக்கலாம் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லிச் சென்றிருப்பது உயிருக்கு ஆபத்தான ஆலோசனை.

எரிபொருள் புட்டி தள்ளியிருந்து, குழாய் வழியாக எரியும் அடுப்புக்குத் தகட்டு மறைப்பு பொருந்தும். குப்பியின் மீதே அமரும் அடுப்பை நாற்புறமும் மூடினால், வெப்பம் வெளியேற வழியின்றிக் கீழே இறங்கிக் குப்பியைச் சுடவைக்கும். உள்ளே திரவ நிலையிலுள்ள வாயுவின் அழுத்தம் ஏறி, குப்பி வெடிக்கக்கூடும். வாயு ஆவியாகும்போது குப்பியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், எரிந்துகொண்டிருக்கும் அடுப்பின் குப்பி தொடுவதற்குக் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். கை வைத்தால் சுடுகிறது என்றால் உடனே அணைத்துவிட வேண்டியதுதான். காற்று வரும் பக்கம் மட்டும், சற்றுத் தள்ளி, ஒரு கல்லையோ பையையோ வைத்தால் போதும்.

கூடாரத்தில் தீப்பிடிக்கும் என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. அதைவிட எனக்குக் கவலை தருவது, அடைத்த இடத்தில் அடுப்பு எரியும்போது சேரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உண்டாக்கும் தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவற்றை நாள் முழுவதும் நடந்த களைப்பு என்றோ உயரத்தால் வந்த உபாதை என்றோ எண்ணிப் படுத்துவிடுவது மிக எளிது. வெந்நீருக்காக 'ஐந்தே நிமிடம்' என்று ஒருமுறை உள்ளே அடுப்பைப் பற்றவைத்த நானும், அந்தத் தலைவலியைக் களைப்பென்றே நினைத்தேன். நண்பர் வந்து கூடார வாசலின் துணியை விலக்கியதால் பிழைத்தேன்.

பலர் அடுப்பை உள்ளே கொண்டுபோவதற்கு உண்மையான காரணம், குளிரில் சுடர் சோர்ந்துவிடுவதுதான். குப்பியில் அடைக்கப்படும் வாயுக்களில், சாதாரண பியூட்டேன் சுமார் 0 டிகிரி செல்சியஸிலும், ஐசோபியூட்டேன் ஏறத்தாழ –12 டிகிரியிலும், புரொப்பேன் –42 டிகிரியிலும் கொதிப்பவை; அதற்குக் கீழே போனால் அந்தந்த வாயு திரவமாகவே தங்கிவிடும். கலவையில் புரொப்பேன் முந்திக்கொண்டு தீர்வதால், முதல் நாள் நன்றாக எரிந்த குப்பி மூன்றாம் நாள் காலையில் முரண்டு பிடிக்கும். இதற்குக் கூடாரம் மருந்தாகாது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பியை வாங்கி, இரவில் அதை உறங்குபைக்குள் வைத்துக்கொண்டு, சமைக்கும்போது ஆழமில்லாத கிண்ணத்தில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரூற்றி அதில் நிறுத்தினால் வெட்டவெளியிலேயே அடுப்பு சீராக எரியும். வெந்நீர் கூடாது, நெருப்பில் காட்டுவது அறவே கூடாது.

கட்டுரையின் படத்திலும் அடுப்பு கூடாரத்துக்குள்தான் எரிகிறது. புதிதாக மலையேறக் கிளம்புவோர் எழுத்தைவிடப் படத்தையே பின்பற்றுவார்கள் என்பதால், அடுத்த வார இணைப்பிலேயே இவ்விரண்டுக்கும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்