பாலிஷ் போட்டோம் என்கிறீர்களே, எதைப் போட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரை சர்வீஸுக்கு விட்டால் "ரப்பிங், பாலிஷ் போட்டுடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். பில்லில் 'பாலிஷிங்' என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் நாலு இலக்கத்தில் ஒரு தொகை. அந்த ஒரு வரிக்குள் காம்பவுண்ட் இருக்கலாம், பாலிஷ் இருக்கலாம், வெறும் கிளேஸை மட்டும் தடவித் துடைத்த வேலையாகவும் இருக்கலாம், வண்டிக்காரருக்குத் தெரியாது. கோவையில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருப்பவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன். தொழில் ரகசியத்தை வெளியே சொல்கிறான் என்று சிலர் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

காம்பவுண்ட் என்பது அரைக்கிற சமாச்சாரம், 'ரப்பிங்' என்று சொல்வது இதைப் போட்டுத் தேய்ப்பதைத்தான். அலுமினியம் ஆக்சைடு மாதிரியான கடினமான துகள் கலந்த பசை. வண்ணத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டை அது தேய்த்து எடுக்கிறது. கீறல் கோடு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுற்றியுள்ள கிளியரையும் இறக்கினால்தான் கோடு மறையும், வேறு மாயம் எதுவும் இல்லை. பாலிஷும் தேய்க்கத்தான் செய்யும், ஆனால் ரொம்ப மெல்லிசாக. காம்பவுண்ட் விட்டுப்போன மங்கலையும், வெயிலில் நிறுத்தினால் தெரியும் பஃபிங் மெஷினின் சுழல் தடங்களையும் எடுப்பதுதான் அதன் வேலை. கிளேஸ் கதையே வேறு. அதில் இருக்கும் எண்ணெயும் நிரப்பும் பொருளும் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளிச்சம் அங்கே சிதறாது, கோடு கண்ணுக்குத் தெரியாது. வண்டி எடுக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னும், சில வாட்டர் வாஷ் போனதும் பழைய கோடெல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்.

கம்பெனி பெயின்ட், பிரைமரிலிருந்து கிளியர் வரை எல்லாம் சேர்த்தே சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), ஒரு ஏ4 தாளின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிளியர் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். நன்றாகக் காம்பவுண்ட் அடித்தால் ஒரு தடவைக்குச் சில மைக்ரான் போய்விடும். நம் ஊர் வெயிலைத் தாங்கும் சரக்கு அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் 'ரப்பிங்' என்று அதைக் கரைத்துக்கொண்டே போனால், பானெட்டும் கூரையும் வெளுத்து, திட்டுத் திட்டாகப் பெயர ஆரம்பிக்கும். அதற்கப்புறம் எந்த பாட்டிலாலும் பிரயோஜனம் இல்லை, மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

அதனால் எந்த பாட்டிலை எடுப்பது என்பதைக் கடையில் இருக்கும் சரக்கை வைத்து முடிவு செய்யக்கூடாது, வண்டியைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். முதலில் நகத்தை வைத்துக் கோட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது காம்பவுண்டுக்கு அடங்காத ஆழம், தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தைப் பலிகொடுப்பதைவிடக் கோட்டோடு வாழ்ந்துவிடலாம். மாட்டாவிட்டால் கையகல இடத்தில் டேப் ஒட்டி, மிருதுவான ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும் போட்டுப் பார்க்கவேண்டும். போதவில்லை என்றால்தான் அடுத்த படி. எடுத்த எடுப்பில் கம்பளி பேடும் ஹெவி காம்பவுண்டும் தேவைப்படுவது, 1500 அல்லது 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்ட தடத்தை எடுக்கும்போதுதான். இன்னொன்று, ஒரே காம்பவுண்ட் கம்பளி பேடில் ஒரு மாதிரியும் ஃபோம் பேடில் வேறு மாதிரியும் அரைக்கும். சிலவற்றில் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்ணியதாகும், அதைப் பாதியில் நிறுத்தினால் மங்கல் அப்படியே நின்றுவிடும். மெக்வயர்ஸ் கம்பெனியின் 105 காம்பவுண்ட், 205 பாலிஷ் மாதிரியானவற்றில் துகள் கடைசிவரை ஒரே அளவில் இருக்கும், அதில் பேடும் கையும்தான் தீர்மானிக்கும். பாடியின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெலிசாக இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டாமல் ரோட்டரி பஃபிங் மெஷினை ஓட்டுகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். வெள்ளை பேடில் வண்டியின் நிறம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். கிளியர் உள்ள வண்டியில் நிறம் வந்தால் கிளியர் தீர்ந்தது என்று அர்த்தம். பழைய மாருதி 800, அம்பாசிடர் மாதிரி கிளியர் இல்லாத பெயின்ட்டில் நிறம் வரத்தான் செய்யும், பயப்பட வேண்டியதில்லை.

கிளேஸ் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. கிளியர் மெலிந்துபோன பழைய வண்டியில் அரைக்க இடமே இல்லாதபோது அதுதான் நியாயமான வழி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கார் மின்னவேண்டும் என்றாலும் அதுவே போதும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் கரைப்பான் வெளியேறும்வரை வாக்ஸ் போட்டு மூடக்கூடாது, அந்த இடைக்காலத்துக்கு சிலிகானும் வாக்ஸும் இல்லாத கிளேஸ் நல்ல துணை. (சிலிகான் கலந்தது என்றால் பட்டறைக்காரர்கள் அலறுவோம். பக்கத்தில் ஒரு பேனலுக்கு ஸ்ப்ரே பண்ணும்போது பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக ஃபிஷ் ஐ விழும்.) கோட்டை மறைத்துவிட்டு 'கரெக்ஷன்', அதாவது தேய்த்தே எடுத்துவிட்டோம், என்று பில் போடுவதுதான் தப்பு. பழைய கார் விற்கும் இடங்களில் இது தாராளமாக நடக்கிறது, கருப்பு வண்டி பளபளவென்று நின்றால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். கிளேஸ் மேலேயே செராமிக் கோட்டிங் என்கிற கெட்டியான பாதுகாப்புப் பூச்சை அடித்துக் கொடுத்தால் இன்னும் மோசம், எண்ணெய்ப் படலத்தின்மேல் கோட்டிங் சரியாகப் பிடிக்காது, வருடக்கணக்கில் வாரன்டி சொல்லி வாங்கிய காசு சீக்கிரமே போய்விடும்.

கண்டுபிடிப்பது சுலபம். டெலிவரி எடுக்கும்போது ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து ஒரு பேனலை மட்டும் துடைக்கச் சொல்லி, வெயிலிலோ மொபைல் டார்ச்சிலோ பாருங்கள். நிரப்பியது என்றால் கோடு திரும்பிவரும், சீவி எடுத்தது என்றால் வராது. டியூப் லைட் வெளிச்சத்தில் மட்டும் காட்டுகிற கடையில் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

பில்லில் காம்பவுண்ட், பாலிஷ், கிளேஸ் என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க எந்தச் செலவும் இல்லை. தடிமன் பார்க்கும் மீட்டர் இருக்கும் கடை, வேலைக்கு முன்னும் பின்னும் பானெட், கூரை, கதவு ஆகியவற்றின் அளவைக் குறித்துக் கொடுக்கலாம் (சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது, அதைக் கேட்டுத் தகராறு செய்ய வேண்டாம்). சர்வீஸ் சென்டர்களும் டீடெயிலிங் கடைகளும் தாங்களாகவே இதைச் செய்தால் நல்லது. செய்யாவிட்டால், பணம் கட்டும் முன் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளும்படி உங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர், கோவை.