கதவைத் தட்டுகிறவர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன ஞாயிறு போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "நம்ம ஊரை விட்டு வந்தாச்சு, இந்த ஊரும் ஒட்டலை. எதைம்மா எழுதுறது?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம்தான் சீன எழுத்தாளர் சியூ சியாவ்லோங் நினைவுக்கு வந்தார்.

1953இல் ஷாங்காயில் பிறந்தவர். மாவோ நடத்திய கலாசாரப் புரட்சி நேரத்தில் அவர் அப்பாவுக்கு 'முதலாளி' என்று முத்திரை குத்திவிட்டார்கள். கண் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரிடம், குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதித் தரச் சொன்னார்கள் செங்காவலர்கள், அதாவது மாவோவின் இளைஞர் படை. அப்பாவுக்குப் பதிலாகப் பையன்தான் எழுதிக் கொடுத்தான். அந்தச் சின்னக் கை எப்படி நடுங்கியிருக்கும்!

1988இல் அமெரிக்காவில் உள்ள செயின்ட் லூயிஸ் போனார். அவர் மொழிபெயர்த்த கவிஞர் எலியட் பிறந்த ஊர் அது. படித்துவிட்டுத் திரும்பத்தான் நினைத்திருந்தார். அடுத்த வருஷம் பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்தில் போராடிய மாணவர்களை ராணுவம் சுட்டது. சீன மாணவர்களுக்காகப் பணம் திரட்ட எக் ரோல் என்ற சீனப் பலகாரத்தைப் பொரித்து விற்றார். அந்தச் செய்தி 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியில் வந்ததும், ஷாங்காயில் இருந்த சகோதரியைத் தேடிப் போலீஸ் போய்விட்டது. எக் ரோலுக்குப் போலீஸ்! திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கி ஆங்கிலத்தில் எழுதினார்.

முதல் நாவல் 'டெத் ஆஃப் எ ரெட் ஹீரோயின்' 2000இல் வந்தது, அடுத்த வருஷம் துப்பறியும் கதைகளுக்கான ஆண்டனி விருது. அதில் துப்பறியும் சென், கவிதை எழுதுகிற போலீஸ்காரர். மாறிக்கொண்டிருந்த ஷாங்காயைச் சொல்லத்தான் ஆசிரியருக்கு ஆசை. போலீஸ்காரர் என்றால் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம் இல்லையா? அப்படித்தான் ஒண்டுக்குடித்தன வீடுகளுக்குள், பல குடும்பங்கள் சேர்ந்து சமைக்கிற அடுப்படி வரைக்கும் நம்மைக் கூட்டிப்போகிறார். அத்தனை தூரத்திலிருந்து எழுதியும் ஊர் கண் முன்னால் நிற்கிறது. சீன மொழிபெயர்ப்பில் ஷாங்காய் என்ற பெயரையே எடுத்துவிட்டு 'எச் (H) நகரம்' என்று போட்டார்களாம். எனக்கு மனசு தாங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் சின்ன வயசில் எதிர்வீட்டு அக்கா ஒரு ராத்திரியில் காணாமல் போனாளே. போலீஸ் வந்ததும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது, நம் வீடும்தான். அதற்கப்புறம் நீ கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினேன். பயம்தான், வேறென்ன.

வருகிற ஞாயிறு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடு. எனக்குத் தெரிந்தது எல்லாம் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா